பாக்சர் வாங்க வரும் தம்பிகளுக்கு

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்திலிருந்து நாய் விஷயமாக என்னைத் தேடி வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: “அங்கிள், ஜெர்மன் பாக்சர் எடுக்கலாமா, அமெரிக்கன் பாக்சர் எடுக்கலாமா?” கைப்பேசியில் இரண்டு குட்டிகளின் படம் இருக்கும். ஜெர்மன் என்று எழுதிய குட்டிக்கு விலை கூட. படத்தை மாற்றிப் போட்டால் விற்பவருக்கே அடையாளம் தெரியாது. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக இருந்தவன். லயத்து நாய்க்கும் பங்களா நாய்க்கும் ஒரே மருந்துப் பெட்டியிலிருந்து கட்டுப் போட்டவன். ஆளாளுக்குச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இனி எண் போட்டு எழுதிவிடுகிறேன்.

1. எல்லா பாக்சருக்கும் பூர்வீகம் ஒன்றுதான், அதை முதலில் மனத்தில் வையுங்கள். பாக்சரை 1895இல் மியூனிக் நகரத்துக் கண்காட்சியில் முதன்முதலாக மேடையேற்றினார்கள். அதையொட்டி அங்கேயே சங்கமும் பிறந்தது. அதற்கு முன் அந்த நாய்க்கு வேட்டைதான் வேலை. புல்லன்பைசர் என்ற பழைய ஜெர்மன் நாய், காட்டுப்பன்றியைக் கவ்விப் பிடித்துக்கொண்டு வேட்டைக்காரன் வரும்வரை விடாது. அதோடு இங்கிலீஷ் புல்டாக் ரத்தம் சேர்ந்து வந்ததுதான் பாக்சர். செம்பனங்கன்றைப் பன்றி தோண்டிப் போடுகிறது என்பதற்காக இன்றைய பாக்சரைக் காட்டுக்குள் அனுப்பலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த வேலை அதன் ரத்தத்தில் கரைந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

அமெரிக்க பாக்சரும் அங்கிருந்து போனதுதான். ஃபிரீடரூன் ஸ்டாக்மன் என்ற பெண்மணி, மரத்தில் சிற்பம் செதுக்கியவர், கணவரோடு சேர்ந்து ‘ஃபோம் டோம்’ என்ற பெயரில் பாக்சர் வளர்த்தார். போர், பஞ்சம், கடன் எல்லாவற்றுக்கும் நடுவில் நடந்த வளர்ப்பு அது. அவர் வீட்டில் பிறந்த சிகுர்ட், லுஸ்டிக், உட்ஸ் என்ற மூன்று ஆண் நாய்களும், அதே வம்சத்தைச் சேர்ந்த டோரியன் என்ற இன்னொன்றும் 1930களில் அமெரிக்காவுக்கு விற்கப்பட்டன. அமெரிக்க பாக்சர்களின் பெடிகிரியைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனால் இந்த நான்கில் வந்து முட்டும். ஜெர்மனி தன் நல்ல ஆண் நாய்களை விற்றுவிட்டு, யுத்தம் முடிந்தபின் எஞ்சியதை வைத்து மறுபடி தொடங்கியது. இரண்டு கரையிலும் இருப்பது அண்ணன் தம்பி பிள்ளைகள்தான்.

2. பிறகு எப்படி வேறுபட்டது என்று கேட்பீர்கள். மனிதன் எதைப் பார்த்துக் கைதட்டினானோ அதன் பக்கம் நாய் வளர்ந்தது, அவ்வளவுதான்.

ஜெர்மனியில் பாக்சரை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டுமென்றால் இசட்.டி.பி. என்ற தேர்வு உண்டு. உடலமைப்பை அளப்பார்கள், இடுப்பெலும்பு எக்ஸ்ரே கேட்பார்கள், வெடிச் சத்தத்துக்கு மிரள்கிறதா என்று பார்ப்பார்கள். கையில் தடித்த உறை மாட்டிய ஓர் ஆள் வந்து மிரட்டும்போது நாய் எதிர்த்து நிற்க வேண்டும். பின்வாங்கினால், எத்தனை அழகாக இருந்தாலும் அதன் குட்டிகளுக்குச் சங்கம் பத்திரம் தராது. இந்தச் சல்லடையில் தங்கியது எலும்பு கனத்த, மார்பு அகன்ற, தலை பெருத்த நாய். நெற்றியில் சுருக்கம் கூடுதல். நின்றால் தூண் மாதிரி நிற்கும்.

அமெரிக்காவில் பெற்றோர் இரண்டும் பதிவான நாய்களாக இருந்தாலே குட்டிக்குப் பதிவு கிடைக்கும். தேர்வு எதுவும் கட்டாயமில்லை. அங்கே நாயின் தலையெழுத்தை எழுதுவது ஷோ மேடை. 1947, 1949, 1951 என்று ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் மூன்று தடவை வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியின் முதல் பரிசை பாக்சர் அடித்தது. 1951இல் வென்ற பேங் அவே என்ற நாய்க்கு சினிமா நட்சத்திரத்துக்கு இருந்த புகழ் இருந்தது. மேடைக்கு வேண்டியது நீண்ட கழுத்து, இறுகிய தோல், மின்னும் முடி, கழுத்திலிருந்து வால்வரை வழுக்கிக்கொண்டு இறங்கும் முதுகு, மார்பிலும் காலிலும் பளிச்சென்ற வெள்ளை. அதையே அவர்கள் வளர்த்தார்கள்.

என்னைக் கேட்டால் ஜெர்மன்காரர்கள் செய்தது சரி. அழகுக்கு மட்டும் மார்க் போட்டால் நெஞ்சுரம் ஒரு தலைமுறையில் போய்விடும். ஆனால் ஜெர்மன் நாயிலும் குறை உண்டு. எட்டாவது அறிவுரையில் சொல்கிறேன்.

3. பிரிட்டன் வகை என்று ஒன்றைச் சிலர் சொல்வார்கள். அது இரண்டுக்கும் நடுவே. முதலில் ஜெர்மன் நாய்கள், பிறகு ஹாலந்து நாய்கள், பிறகு அமெரிக்க நாய்கள் என்று கலந்து கலந்து வந்த ரத்தம். ஜெர்மன் நாயைவிட இலேசு, அமெரிக்க நாயைவிடச் சதைப்பற்று.

பிரிட்டன்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1980 வாக்கில் அங்கே பாக்சர் குட்டிகளுக்குப் பின்னங்கால் தள்ளாடும் ஒரு பரம்பரை நரம்பு நோய் வந்தது. மூடி மறைக்காமல், எந்தெந்த நாய் வழியாக நோய் வருகிறது என்று வெளிப்படையாகப் பட்டியல் போட்டு, அந்த நாய்களை இனப்பெருக்கத்திலிருந்து விலக்கி, நோயையே ஒழித்துக்கட்டினார்கள். நம் ஊரில் குட்டி செத்தால்கூடப் பக்கத்து வீட்டுக்குச் சொல்ல மாட்டோம்.

4. அளவு கோலை எடுத்துக்கொண்டு வகை கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். எஃப்.சி.ஐ. என்ற உலகக் கூட்டமைப்பின் 144ஆம் எண் விதிப்படி ஆண் 57 முதல் 63 சென்டிமீட்டர், பெட்டை 53 முதல் 59. அமெரிக்க விதிப்படி ஆண் 23 முதல் 25 அங்குலம். கணக்குப் போட்டால் 58 முதல் 63 சொச்சம். மூஞ்சி நீளம் தலையில் மூன்றில் ஒரு பங்கு என்பதிலும் சண்டை இல்லை. எழுத்தில் உள்ளது ஒரே நாய்தான். நீதிபதியின் கண்தான் வேறு.

5. காதும் வாலும் வெட்டியிருந்தால் அமெரிக்கன், வெட்டாமல் தொங்கினால் ஜெர்மன் என்று டுரியான் துங்காலில் ஒருவர் அடித்துப் பேசினார். அது சட்டத்தின் வித்தியாசம். ஜெர்மனி காது வெட்டுவதை 1987இல் தடுத்தது, வால் வெட்டுவதை 1998இல். இங்கிலாந்தில் வாலுக்குத் தடை 2007இல் வந்தது. அமெரிக்காவில் இன்றும் வெட்டலாம்; 2005க்குப் பிறகு வெட்டாத காதையும் அவர்கள் விதி ஏற்கிறது. பழைய ஜெர்மன் படங்களைப் பாருங்கள், எல்லா நாய்க்கும் காது ஈட்டி போல நிமிர்ந்திருக்கும்.

இங்கிலாந்தில் தடை வரப்போகிறது என்று தெரிந்ததும் புரூஸ் கட்டனாக் என்ற மரபியல் விஞ்ஞானி செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். பிறவியிலேயே குட்டைவால் உள்ள கோர்கி நாயோடு பாக்சரைச் சேர்த்தார். குட்டைக் கால் கோர்கியும் பாக்சரும்! பிறந்தவற்றை மறுபடி மறுபடி பாக்சரோடு சேர்த்து, சில தலைமுறையில் பார்த்தால் பாக்சரேதான், வால் மட்டும் பிறவிக் குட்டை. 1998இல் அங்குள்ள கென்னல் சங்கம் அதைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டது.

உங்களுக்கு நான் சொல்வது, பிளேடும் ரப்பர் வளையமும் எடுத்துக்கொண்டு குட்டியின் பக்கத்தில் யாரையும் விடாதீர்கள். சீழ் பிடித்த வாலோடு என்னிடம் வந்த குட்டிகள் போதும்.

6. நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பாக்சருக்கு இரண்டு நிறம்தான்: பான் என்ற செம்பழுப்பு, வரி வரியாக வரும் பிரிண்டில். அதன்மேல் வெள்ளை கூடலாம், குறையலாம். ‘அபூர்வமான கறுப்பு பாக்சர்’ என்று விலையை இரண்டு மடங்காக்கினால் திரும்பி வந்துவிடுங்கள். சுத்தக் கறுப்பு இந்த இனத்தில் கிடையாது. வரிகள் நெருங்கிப் போனால் கறுப்பாகத் தெரியும். வெயிலில் நிறுத்தினால் அடியில் பழுப்பு தெரிந்துவிடும். வெயிலிலும் தெரியவில்லையென்றால் வேறு நாய் கலந்திருக்கிறது.

வெள்ளைக் குட்டி விஷயம் வேறு. மார்பும் காலும் பளிச்சென்று வெள்ளையான இரண்டு நாய்களைச் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும். மேடைக்காகப் பளிச் நாய்களையே சேர்க்கும் இடத்தில் இது சாதாரணம். வெள்ளைக் குட்டியை ஷோவில் ஏற்க மாட்டார்கள். ஜெர்மன், அமெரிக்க விதி இரண்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை கூடாது. ஆனால் இந்த இனத்துக்கே ஆதித்தாயாகச் சொல்லப்படும் மெட்டா ஃபான் டெர் பஸாஜ் என்ற பெட்டை, உடம்பில் பெரும்பகுதி வெள்ளை. இன்றைய நீதிபதி அவளை மேடையிலிருந்து இறக்கிவிடுவார்.

வெள்ளைக் குட்டி நல்ல வீட்டு நாயாகும். இரண்டு கவனம் போதும். சில குட்டிகளுக்குக் காது கேட்காது. மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்து வைத்து, பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மலாக்கா வெயிலில் அதன் மூக்கும் வயிறும் வெந்து சிவக்கும், நிழலில் வையுங்கள்.

7. பெடிகிரி பத்திரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எம்.கே.ஏ. என்று நாம் சொல்லும் மலேசியக் கென்னல் சங்கத்துப் பத்திரத்தில் முன்னோர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெயரில் ‘ஃபோம்’, ‘ஃபான்’ என்று வந்தால் அந்தப் பாட்டன் ஜெர்மன் பக்கத்து ஆளாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அழகுக்காக அப்படிப் பெயர் வைக்கிறவர்களும் உண்டு. ஜெர்மன் வளர்ப்பாளர்கள் ஓர் ஈற்றுக் குட்டிகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் பெயர் வைப்பார்கள். முதல் ஈற்றுக்கு ‘ஏ’, அடுத்ததற்கு ‘பி’ என்று போகும். பெயருக்குப் பக்கத்தில் இசட்.டி.பி. என்றோ, வேலைத் தேர்வுப் பட்டமான ஐ.பி.ஓ. அல்லது இப்போதைய ஐ.ஜி.பி. என்றோ இருந்தால் அந்த நாய் மைதானத்தில் நின்று வென்றது. எந்த எழுத்தும் இல்லாமல் விற்பவர் வாய் மட்டும் ஜெர்மன் என்றால், அந்த ஜெர்மனி நம் மலாக்காவின் பத்து பிரண்டாம் பக்கம்தான் இருக்கும். இறக்குமதி நாய் என்றால் அரசாங்கம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள், சிப் எண்ணை ஒத்துப் பாருங்கள். இங்கே கிடைக்கும் பெரும்பாலான பாக்சர்களில் இரண்டு மூன்று நாட்டு ரத்தம் கலந்திருக்கும். அதில் தப்பே இல்லை. தப்பு, அதற்கு ஒரு நாட்டின் பெயர் வைத்து விலை கூட்டுவது.

8. ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள். எனக்கு ஒரே ஓர் அறிவுரை சொல்லத்தான் இடம் என்றால் இதைத்தான் சொல்வேன்.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றும். பாக்சருக்கு மூக்கு குட்டை. உள்ளே காற்றுப் பாதையும் நெருக்கம். மலாக்காவில் காற்றே ஈரம் சொட்டும். இளைத்தாலும் ஈரம் எளிதில் காயாது. மியூனிக் குளிருக்குப் பழகிய உடம்பு மெர்லிமாவ் மதியத்தில் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறது.

அதனால்தான் ஜெர்மன் வகையிலும் குறை உண்டு என்றேன். தலை பெருக்க வேண்டும் என்ற ஆசையில் சிலர் மூஞ்சியை வரவரக் குறுக்கி, மூக்கைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாய் மிதிவண்டிக்கு ஈடாக ஜெர்மனியில் ஓடலாம். இங்கே வாசல்வரை ஓடினாலே குறட்டை விடும். எந்த நாட்டு வகையானாலும் மூக்குத் துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். துவாரம் கோடு போல ஒட்டியிருந்தால் வேண்டாம். தாய் நாயை ஐந்து நிமிஷம் விளையாட விட்டு மூச்சைக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால், கொஞ்சம் நீள மூஞ்சியுள்ள வேறு ஈற்றுக்குக் காத்திருங்கள்.

நடை கூட்டிப்போவது விடியற்காலையில், தோட்டத்தில் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரத்தில் முடிந்துவிட வேண்டும். மறுபடி பொழுது சாய்ந்தபின். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. தகரக் கூரைக் கூண்டு வேண்டவே வேண்டாம். தாமான் வீட்டில் கார் நிற்கும் இடத்தில் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள், பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஈறு செங்கல் நிறமாகி, எச்சில் பசையாகி, கால் தள்ளாடினால் சூடு தலைக்கேறிவிட்டது. உடம்பு சூடு 41 டிகிரிக்கு மேல் போனால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். உடனே குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றுங்கள், விசிறி போடுங்கள், பிறகு காரில் ஏர்கான் போட்டு டாக்டரிடம் ஓடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி மூடாதீர்கள். அது சூட்டை உள்ளேயே வைத்துவிடும்.

9. இதயத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பாக்சருக்குப் பரம்பரையாக இரண்டு இதயக் கோளாறு வரும். ஒன்று, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசல் குறுகுவது. டாக்டர் காதில் குழாய் வைத்தாலே முணுமுணுப்புக் கேட்கும். இன்னொன்று இதயத் துடிப்பு தாறுமாறாவது. விளையாடிக்கொண்டிருக்கும் நாய் திடீரென்று மயங்கி விழும். குட்டியில் அது தெரியாது, நடுவயதில்தான் தலைகாட்டும். அதனால் குட்டியின் தாயும் தகப்பனும் எத்தனை வயது, பாட்டி எதில் செத்தாள் என்று கேளுங்கள்.

மயக்க மருந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஏசிப்ரோமசின் என்ற மருந்துக்குப் பாக்சர்கள் சில சமயம் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடும். பிரிட்டன் வம்சத்தில் இது கூடுதல் என்று மிருக மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வகை வித்தியாசம் உயிர் விஷயமாக மாறும் இடம் இது. அறுவைச் சிகிச்சைக்கு முன் “இது பாக்சர் டாக்டர், ஏசிபி வேண்டாம்” என்று நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

தோலில் கட்டி எது வந்தாலும் கொசுக்கடி என்று விட்டுவிடாதீர்கள். இந்த இனத்துக்குத் தோல் புற்று அதிகம். ஊசி குத்திச் சோதிக்கச் சொல்லுங்கள்.

10. உண்ணி, கொசு. லாலான் புல்லில் திரிந்தால் உண்ணி ஏறும், உண்ணிக் காய்ச்சல் வரும். கொசு கடித்தால் இதயப்புழு வரும். மாதமாதம் மருந்து. இதில் ஜெர்மன், அமெரிக்கன் வித்தியாசம் கிடையாது.

11. குணம் தெரிந்து வாங்குங்கள். வேலை வம்சத்து நாய்க்குத் தினமும் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சோபாதான் அதன் வேலை. மேடை வம்சத்து நாய் கொஞ்சம் இலகு. ஆனாலும் எந்த பாக்சரும் மூன்று வயதுவரை குழந்தைதான். பாட்டியின் மேல் தாவும், துவைத்த வேட்டியைக் கொடியிலிருந்து இழுக்கும். லயத்து நாய் பத்து வீட்டுச் சோறு தின்று பத்து வீட்டையும் காத்தது. பாக்சருக்கு அந்தப் பொது வாழ்வு ஒத்துவராது, தன் வீட்டு ஆட்கள் பக்கத்திலேயே வேண்டும். கட்டிப்போட்டால் குணம் கெட்டுவிடும்.

12. அக்கம்பக்கம். நகராண்மை லைசென்ஸ் எடுங்கள். உங்கள் மாதிரி வீட்டுக்கு எத்தனை நாய் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், மன்றத்துக்கு மன்றம் விதி மாறும். பக்கத்தில் மலாய்க்காரக் குடும்பம் இருந்தால் நாயின் எச்சில் அவர்கள்மேல் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. பாக்சரின் எச்சில் தூரம் பறக்கும், அதுவும் தலையை உதறினால் சொல்லவே வேண்டாம். வேலியின் கீழ்ப் பகுதியை அடைத்துவிடுங்கள். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது உள்ளறையில் வானொலி போட்டு வையுங்கள். இசட்.டி.பி. வென்ற வம்சமானாலும் பத்தாயிரம் சரவெடிக்கு எந்த நாயையும் பழக்கியதில்லை.

13. குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தோட்டம் விற்றுப்போய் தாமானுக்கு மாறும் குடும்பங்களும், ஃபிளாட்டுக்குப் போகிறவர்களும் வளர்ந்த பாக்சரைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நான்கு வயது நாய்க்கு மூச்சு எப்படி, இதயம் எப்படி, குணம் எப்படி என்று எல்லாமே வெளியே தெரியும். அதன் பாட்டன் மியூனிக்கா நியூயார்க்கா என்று கேட்டால் கொடுப்பவருக்கும் தெரியாது. தடுப்பூசிப் புத்தகத்தையும், அது படுத்துப் பழகிய பழைய சாக்கையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் அந்தச் சாக்கில்தான் தூங்கும்.